காந்தியடிகள் கேட்ட ஏழு உறுதிமொழிகள்

புது தில்லி:

தலைநகரின் தெற்கு எல்லையில், குதுப் மினாருக்கு அருகே உள்ள மெஹ்ரோலியில் சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் காகியின் தர்கா இருக்கிறது. அதே ஊரில் யோகமாயா தேவியின் கோயிலும் இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்ததும் நடைபெறும் "பூல் வாலோன் கி சேர்" என்னும் மலர் விழாவில், இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து பூக்களால் ஆன விசிறிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் ஊர்வலமாக எடுத்துச் சென்று காணிக்கை செலுத்துவர். முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விழா தோன்றியது. "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்த 1942-இல் ஆங்கிலேய அரசு இதை நிறுத்தியது. 1960-களின் தொடக்கத்தில் பிரதமர் நேருவின் ஆதரவுடன் விழா மீண்டும் உயிர்பெற்றது.

அந்த தர்காவுக்கு இந்திய வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. மகாத்மா காந்தி தமது கடைசி உண்ணாவிரதத்தை முடித்துக்கொள்ள விதித்த ஏழு நிபந்தனைகளில் முதலாவது, அங்கே நடைபெறும் உருஸ் விழாவைப் பற்றியது.

1948 ஜனவரி 13-ஆம் தேதி நண்பகலில் தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் அந்த உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 78. நாடு விடுதலை பெற்று ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தில்லி மக்கள் தங்கள் முஸ்லிம் அண்டை வீட்டாரை அச்சமின்றி வாழவிட வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. அன்றைய தில்லி அந்தக் கோரிக்கையை ஏற்று எழுத்துமூலம் உறுதி அளித்தது. அந்த உறுதிமொழிகள் இன்று எந்த நிலையில் உள்ளன என்று பார்ப்பது, முஸ்லிம்களுக்கு எதிரான தப்பெண்ணம் பற்றிய இன்றைய விவாதத்துக்குப் பயன்படும்.

அகதிகளின் துயரம், தில்லியின் கோபம்

பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் இந்து, சீக்கிய அகதிகள் தில்லிக்கு வந்து சேர்ந்தனர். வீடு, நிலம், உற்றார் என அனைத்தையும் இழந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களது கோபம் தில்லி முஸ்லிம்கள் மீது திரும்பியது. 1947 செப்டம்பரில் நகரெங்கும் கொலையும் கொள்ளையும் நடந்தன. உயிர் தப்பிய முஸ்லிம்கள் புராணா கிலா கோட்டையிலும் ஹுமாயூன் சமாதி வளாகத்திலும் அமைக்கப்பட்ட முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர்.

தில்லியிலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேறினர். 1941-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தில்லி மக்களில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 சதவீதத்துக்கும் குறைவாயினர்.

கல்கத்தாவில் கலவரத்தைத் தணித்துவிட்டு, 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி காந்தியடிகள் தில்லிக்கு வந்தார். பஞ்சாப் செல்வதே அவரது நோக்கம். தில்லியின் நிலையைக் கண்டபின் இங்கேயே தங்கிவிட்டார். நாள்தோறும் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். முகாம்களுக்குச் சென்றார். டிசம்பர் 19-ஆம் தேதி, இன்றைய ஹரியாணா மாநிலம் நூஹ் மாவட்டத்தில் உள்ள காசேடா கிராமத்துக்குச் சென்று, பாகிஸ்தானுக்குப் புறப்படத் தயாராக இருந்த மேவ் முஸ்லிம்களிடம், பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆயினும் தலைநகரில் வெறுப்பு தணியவில்லை. வெளியே அமைதி நிலவியது. அந்த அமைதி காவல் துறையின் துப்பாக்கியால் கிடைத்தது என்று காந்தியடிகள் கருதினார். உள்ளங்கள் மாற வேண்டும் என்று கூறி உண்ணாவிரதத்தை அறிவித்தார். அதே வாரத்தில் கராச்சியில் சீக்கியர்களும் இந்துக்களும் தாக்கப்பட்டிருந்தனர். அதனை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆனால் கராச்சியில் நடந்த கொடுமைக்குத் தில்லி முஸ்லிமைத் தண்டிப்பது எந்த வகையில் நீதி என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஏழு நிபந்தனைகள்

காந்தியடிகள் விதித்த நிபந்தனைகள் இவை: மெஹ்ரோலி தர்காவின் உருஸ் விழா அமைதியாக நடைபெற வேண்டும். கோயில்களாகவும் வீடுகளாகவும் மாற்றப்பட்ட தில்லி மசூதிகள் திருப்பி அளிக்கப்பட வேண்டும். பழைய தில்லியில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும். பாகிஸ்தானுக்குச் சென்ற தில்லி முஸ்லிம்கள் திரும்பி வர விரும்பினால் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடாது. ரயில்களில் முஸ்லிம்கள் ஆபத்தின்றிப் பயணம் செய்ய வேண்டும். முஸ்லிம்களைப் பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்கக் கூடாது. முஸ்லிம்கள் வாழும் பகுதிகளில் அகதிகளைக் குடியமர்த்துவதை அங்குள்ள முஸ்லிம்களின் சம்மதத்துடனேயே செய்ய வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை கோருவது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வழிபடுதல், தெருவில் நடத்தல், ரயில் ஏறுதல், கடை நடத்துதல், சொந்த வீட்டில் வசித்தல் ஆகியவையே அவர் கேட்டவை. ஒரு குடிமகனின் அன்றாட வாழ்வுக்கு இவற்றைவிடக் குறைவாக எதையும் கேட்க இயலாது.

இந்தக் கோரிக்கை எளிதில் ஏற்கப்படவில்லை. குளிரிலும் மழையிலும் தங்க இடமின்றி மசூதிகளில் ஒதுங்கியிருந்த அகதிகளுக்கு, அவற்றைக் காலி செய்யச் சொல்வது கொடுமையாகத் தோன்றியது. "காந்தி சாகட்டும்" என்ற முழக்கம் பிர்லா மாளிகையின் வாயிலிலேயே எழுந்தது. எனினும் அடுத்தடுத்த நாள்களில் நிலைமை மாறியது. அமைதி ஊர்வலங்கள் நடந்தன. காங்கிரஸ் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் பல்வேறு சமூகங்கள், அமைப்புகளின் பிரதிநிதிகள் 100-க்கும் மேற்பட்டோர் கூடி உறுதிமொழியில் கையெழுத்திட்டனர். இந்து மகாசபை, ராஷ்ட்ரீய ஸ்வயம்சேவக் சங்கம் ஆகியவற்றின் சார்பிலும் உறுதி அளிக்கப்பட்டது. ஜனவரி 18-ஆம் தேதி மௌலானா அபுல் கலாம் ஆசாத் அளித்த பழச்சாற்றைப் பருகி காந்தியடிகள் உண்ணாவிரதத்தை முடித்தார்.

இரண்டு நாள்களில் பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது. ஜனவரி 27-ஆம் தேதி அவர் மெஹ்ரோலிக்குச் சென்று உருஸ் விழாவில் கலந்துகொண்டார். கலவரத்தில் சிதைக்கப்பட்ட சலவைக்கல் வேலைப்பாடுகளைக் கண்டு வருந்தினார். மூன்றாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழிபாட்டிடங்கள்

அந்த நிபந்தனைகள் பிரிவினைக் காலத்துக்கு மட்டுமே உரியவை என்று கருத இயலவில்லை. ஒவ்வொன்றும் அண்மைக் காலத்தில் வேறு வடிவில் எழுந்திருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி எந்த வழிபாட்டிடம் எந்த மதத்தினுடையதாக இருந்ததோ, அந்நிலையே தொடர வேண்டும் என்கிறது 1991-ஆம் ஆண்டு வழிபாட்டிடங்கள் சட்டம். அயோத்தி மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டது. 2019 நவம்பரில் அயோத்தி நிலத்தைக் கோயிலுக்கு அளித்த உச்ச நீதிமன்றம், 1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது கடுமையான சட்ட மீறல் என்றும் கூறியது. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் மதச்சார்பின்மையைக் காப்பது என்றும் பாராட்டியது. ஆயினும் பல ஊர்களில் மசூதிகள் மீது வழக்குகள் தொடர்ந்தன. உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் 2024 நவம்பரில் மசூதி ஆய்வைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் உயிர்கள் பலியாயின. அதன் பின்னரே, 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்யவோ ஆய்வுக்கு உத்தரவிடவோ கூடாது எனக் கீழமை நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

மெஹ்ரோலியிலேயே, 2024 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகளின் நினைவு நாளில், பழமையான அகூஞ்சி மசூதியைத் தில்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. காப்புக்காட்டில் இருந்த ஆக்கிரமிப்புகளே அகற்றப்பட்டன என்றும், பிற மதக் கட்டுமானங்களும் அவற்றில் அடங்கும் என்றும் ஆணையம் விளக்கம் அளித்தது. முன்னறிவிப்பு ஏதும் இல்லை என்றது மசூதித் தரப்பு. வழக்கின் முடிவு எதுவாயினும், நூற்றாண்டுகள் பழமையான ஒரு வழிபாட்டிடத்தைப் பொழுது விடிவதற்குள் இடிக்கும் அவசரம் ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

ரயிலும் தெருவும்

ஐந்தாவது நிபந்தனை ரயில் பயணம் பற்றியது. 2017 ஜூனில், ஈத் பண்டிகைக்குப் பொருள்கள் வாங்கிக்கொண்டு தில்லியிலிருந்து ஹரியாணாவில் உள்ள தனது கிராமத்துக்குத் திரும்பிய பதின்பருவச் சிறுவன் ஒருவன், ரயிலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். இருக்கைத் தகராறில் தொடங்கிய சண்டை, மதத்தைக் குறிவைத்த வசையாக மாறிக் கொலையில் முடிந்தது. பெட்டி நிறையப் பயணிகள் இருந்தனர். அதைக் கண்டித்து, "என் பெயரால் வேண்டாம்" என்ற முழக்கத்துடன் தில்லி ஜந்தர் மந்தரிலும் பல நகரங்களிலும் மக்கள் திரண்டனர். 2023 ஜூலை 31-ஆம் தேதி, ஜெய்ப்பூரிலிருந்து மும்பை சென்ற விரைவு ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தனது மேலதிகாரியையும், வெவ்வேறு பெட்டிகளில் இருந்த மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றார்.

கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமித்தல், விரைவு நீதிமன்றம், இழப்பீடு முதலிய வழிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17-ஆம் தேதி வகுத்தது. வெறுப்புப் பேச்சு குறித்து யாரும் புகார் அளிக்காவிட்டாலும் காவல் துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் தில்லி, உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட் அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2023 ஏப்ரலில் அந்த உத்தரவு எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆணைகளுக்குக் குறைவில்லை. அவற்றை நிறைவேற்ற வேண்டிய காவல் நிலையத்தில்தான் தயக்கம் காணப்படுகிறது.

கடைப் பலகையில் பெயர்

ஆறாவது நிபந்தனையான பொருளாதாரப் புறக்கணிப்பு, அண்மை ஆண்டுகளில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. 2020 மார்ச்சில் கரோனா தொற்றுப் பரவத் தொடங்கியபோது, தில்லி நிஜாமுதீனில் நடைபெற்ற தப்லீக் ஜமாத் கூட்டத்தில் கலந்துகொண்ட பலருக்குத் தொற்று உறுதியானது. பெருங்கூட்டம் கூடியது கவனக்குறைவு என்று கூற இடமுண்டு. ஆனால் ஊடகங்களில் ஒரு பகுதி அதனைத் திட்டமிட்ட சதியாகச் சித்திரித்தது. முஸ்லிம் காய்கறி வணிகர்களைத் தெருவுக்குள் விடாமல் விரட்டிய நிகழ்ச்சிகள் வடமாநிலங்களில் நடந்தன. கூட்டத்தில் கலந்துகொண்டவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் கணிசமானோர் இருந்ததால், தமிழக வாசகர்களுக்கும் இந்த விவகாரம் நன்கு நினைவிருக்கும்.

பின்னர் என்ன ஆயிற்று? வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. பேரிடர்க் காலத்தில் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. தில்லியில் வழக்கை எதிர்கொண்ட 36 வெளிநாட்டினர் 2020 டிசம்பரில் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கு இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்கள் 70 பேர் மீதான வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. குற்றச்சாட்டு தலைப்புச் செய்தியாக வந்தது. விடுதலை உள்பக்கத்தில் வந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் மக்கள் மனத்தில் பதிந்தது முன்னதே.

2024 ஜூலையில் காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவகங்கள் உரிமையாளரின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் காவல் துறை உத்தரவிட்டது. பக்தர்களின் குழப்பத்தைத் தவிர்ப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. எந்த வகை உணவு என்பதை எழுதினால் போதும். பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜூலை 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வட இந்தியாவில் பெயரே மதத்தைச் சொல்லிவிடும். ஆகவே பெயர்ப் பலகை இங்கே வெறும் தகவல் பலகையாக இருக்க முடியாது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

இரட்டைச் சுமை

ஏழாவது நிபந்தனை குடியிருப்பு பற்றியது. தில்லியில் முஸ்லிம் பெயருடன் வாடகைக்கு வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தலைநகரில் பணியாற்றும் எவரும் அறிவர். விளம்பரத்தைக் கண்டு தொலைபேசியில் பேசும்போது இருக்கும் வீடு, பெயரைச் சொன்னதும் இல்லாமல் போகிறது. பேராசிரியர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள்கூட இறுதியில் ஜாமியா நகர் போன்ற பகுதிகளுக்கே செல்ல நேர்கிறது. அவ்வாறு சென்றபின், "அவர்கள் தனித்தே வாழ விரும்புகிறவர்கள்" என்ற பழியும் அவர்கள் மீதே விழுகிறது.

இதனை அரசின் ஆவணமே பதிவு செய்திருக்கிறது. முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய, தில்லி உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் 2005 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் குழு ஒன்றை அமைத்தார். அதன் அறிக்கை 2006 நவம்பர் 30-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தேசவிரோதிகள் என்ற பழியையும், அரசால் தாஜா செய்யப்படுகிறவர்கள் என்ற பழியையும் முஸ்லிம்கள் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியுள்ளது என்று அக்குழு கூறியது. முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகளைக் கடன் வழங்க ஏற்றதல்லாத பகுதிகளாக வங்கிகள் சில ஒதுக்கி வைத்திருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

தாஜா செய்யப்பட்டதன் பலன் என்ன என்பதை அறிக்கையின் புள்ளிவிவரங்கள் காட்டின. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம். இந்திய ஆட்சிப் பணியில் அவர்கள் 3 சதவீதம், காவல் பணியில் 4 சதவீதம், வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம். எழுத்தறிவு விகிதம் நாட்டின் சராசரி 64.8 சதவீதமாக இருந்தபோது முஸ்லிம்களிடையே 59.1 சதவீதம். முஸ்லிம் குழந்தைகள் எல்லோரும் மதரசாவுக்கே செல்கின்றனர் என்ற பொதுக் கருத்துக்கு மாறாக, பள்ளி வயதுக் குழந்தைகளில் 4 சதவீதத்துக்கும் குறைவானோரே மதரசாவில் பயில்வதையும் குழு கண்டறிந்தது.

அதன் பின்னரும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வின்படி, 2020-21-ஆம் ஆண்டில் உயர்கல்வி பயின்றோரில் முஸ்லிம்கள் 4.6 சதவீதம் மட்டுமே. முந்தைய ஆண்டைவிட இது குறைவு. 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் முஸ்லிம்கள் 24 பேர். அந்த ஆண்டு ஜூனில் பதவியேற்ற மத்திய அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இடம்பெறவில்லை.

சலுகைக்குச் சான்றாக நீண்டகாலம் காட்டப்பட்டது ஹஜ் பயண மானியம். அதனைப் படிப்படியாக நிறுத்தி, அந்தத் தொகையைக் கல்விக்குச் செலவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. மானியம் வேண்டாம், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று முஸ்லிம் தலைவர்கள் பலரும் அதற்கு முன்பிருந்தே கேட்டு வந்தனர். 2018 ஜனவரியில் மானியம் நிறுத்தப்பட்டது. அதற்காக நாட்டில் எங்கும் பெரும் கிளர்ச்சி நடக்கவில்லை. ஆயினும் "தாஜா" என்ற சொல் மட்டும் தேர்தல் மேடைகளை விட்டு நீங்கவில்லை.

பெருகுகிறார்களா?

தப்பெண்ணங்களில் மிகவும் பரவலானது, முஸ்லிம்கள் விரைவில் பெரும்பான்மையினர் ஆகிவிடுவர் என்ற அச்சம். 2004 செப்டம்பரில் மத அடிப்படையிலான மக்கள்தொகை விவரங்கள் வெளியானபோது, முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 36 சதவீதம் எனச் செய்தி பரவியது. 1991-இல் ஜம்மு-காஷ்மீரில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. அம்மாநில மக்களை 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் சேர்த்ததால் வந்த பிழை அது. திருத்தியபோது வளர்ச்சி சுமார் 29 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டைவிடவும் குறைவு. ஆனால் பிழையான எண்ணே மேடைகளில் நிலைத்தது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2 சதவீதம். முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 24.6 சதவீதமாக மேலும் சரிந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1992-93-இல் முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், 2019-21-இல் 2.36. இதே காலத்தில் இந்துப் பெண்களிடையே இது 3.3-லிருந்து 1.94 ஆனது. இரு சமூகங்களுக்கும் இடையிலான இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்தது. இப்போது அரைக்கும் குறைவு. அதே ஆய்வில் பிகாரின் விகிதம் 3.0, தமிழகத்தின் விகிதம் 1.8. பெண்கல்வியும் மருத்துவ வசதியும் குடும்ப அளவைத் தீர்மானிப்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

பயங்கரவாதமும் பழியும்

தப்பெண்ணத்துக்கு நியாயம் கற்பிப்போர் கடைசியாக எடுத்துரைப்பது பயங்கரவாதத்தை. பாகிஸ்தானிலிருந்து ஏவிவிடப்படும் பயங்கரவாதம் உண்மை. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டனர். 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரின் பஹல்காமில் மதத்தைக் கேட்டு ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990-இல் காஷ்மீர் பண்டிதர்கள் சொந்த மண்ணைவிட்டு விரட்டப்பட்டதும் மறக்கத்தக்கதன்று. மதத்தின் பெயரால் நடந்த இந்தக் கொடுமைகளைக் குறைத்துப் பேசுவது நல்லிணக்கத்துக்கு உதவாது.

ஆனால் அவற்றுக்கு முஸ்லிம் சமூகம் எவ்வாறு எதிர்வினை ஆற்றியது என்பதும் உண்மையின் ஒரு பகுதி. 2008 பிப்ரவரியில் தேவ்பந்த் தாருல் உலூம் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று அறிவித்தது. மும்பைத் தாக்குதலில் இறந்த பயங்கரவாதிகளின் உடல்களைத் தங்கள் இடுகாட்டில் புதைக்க அந்நகர முஸ்லிம்கள் மறுத்துவிட்டனர். பஹல்காமில் பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர் ஒருவரும் கொல்லப்பட்ட 26 பேரில் அடங்குவார். மறுநாள் காஷ்மீர் முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன.

அதே வாரத்தில் பிற மாநிலங்களில் காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டனர். பஹல்காமில் கணவரைப் பறிகொடுத்த இளம்பெண் ஒருவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் வெறுக்க வேண்டாம், எங்களுக்கு நீதி வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அதற்காக சமூக ஊடகங்களில் அவரையே இழிவுபடுத்தினர். தேசிய மகளிர் ஆணையம் அதைக் கண்டிக்க நேர்ந்தது.

சந்தேகம் சட்டத்தின் இடத்தைப் பிடித்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2002-ஆம் ஆண்டு அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் மூவருக்கு மரண தண்டனை உள்பட 6 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2014 மே 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணை முறையைக் கடுமையாகச் சாடியது. 2006-ஆம் ஆண்டு மாலேகாவ் குண்டுவெடிப்பில் கைதான 9 முஸ்லிம்கள் 2016-இல் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு நிகழ்ந்த மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட 12 பேரை 2025 ஜூலை 21-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அத்தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; எனினும் விடுதலையானோர் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று கூறியது. பத்து நாள்களுக்குப் பின், 2008-ஆம் ஆண்டு மாலேகாவ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இந்துக்கள் 7 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

இரண்டு வழக்குகளிலும் உயிரிழந்தோரின் குடும்பங்கள், குற்றவாளி யார் என்று அறியாமலே நிற்கின்றன. பயங்கரவாதத்துக்கு ஒரு மதத்தின் பெயரைச் சூட்டும் அவசரத்தில் முதலில் தோற்பது விசாரணைதான்.

எது தேவை?

வெறுப்பைத் தணிக்கச் சட்டமும் வேண்டும். சமூகமும் முன்வர வேண்டும். வீட்டு வசதியிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாடு குறித்த புகார்களை விசாரிக்கச் சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்குமாறு சச்சார் குழு பரிந்துரைத்தது. எந்த மதத்தினரும், எந்தச் சாதியினரும் அங்கே முறையிடலாம். மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆண்டபோதும் அது அமையவில்லை. பாரதிய ஜனதா ஆட்சியிலும் அமையவில்லை. நீதிபதி சச்சார் 2018 ஏப்ரலில் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். முன்னறிவிப்பின்றி வீடுகளை இடிப்பதைத் தடுத்து 2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், வெறுப்புப் பேச்சு பற்றிய உத்தரவுகளும் நேர்மையாக நிறைவேற்றப்பட்டாலே பாதி அச்சம் நீங்கும்.

சிறுபான்மைச் சமூகத் தலைவர்களுக்கும் கடமை உண்டு. தங்கள் தரப்பில் எழும் மதவெறிப் பேச்சைத் தயங்காமல் கண்டிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஆட்சி மாறியபின் வங்கதேசத்தில் இந்துக்கள் தாக்கப்பட்டபோது, அதனை எதிர்த்து எழும் இந்திய முஸ்லிமின் குரலுக்குத் தனி வலிமை உண்டு. அவ்வாறே, தில்லியில் முஸ்லிம் தாக்கப்படும்போது எழும் இந்துவின் குரலுக்கும்.

அத்தகையோர் இல்லாமல் போய்விடவில்லை. 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லிக் கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் இருந்தனர். கோகுல்புரியில் சீக்கியத் தந்தையும் மகனும் தங்கள் இருசக்கர வாகனங்களில் மாறிமாறிச் சென்று, பத்துக்கணக்கான முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்த்தனர். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலருக்குத் தலைப்பாகையும் கட்டிவிட்டனர். 1984-இல் இதே தில்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டதை மறக்காத குடும்பம் அது.

1948 ஜனவரி 18-ஆம் தேதி உண்ணாவிரதத்தை முடிக்குமுன் காந்தியடிகள் ஒன்றைத் தெளிவுபடுத்தினார். தில்லியில் மட்டும் அமைதி நிலவி, நாட்டின் பிற பகுதிகளில் வெறுப்புத் தொடருமானால், தமது விரதத்தை முடித்து வைத்ததில் பொருளில்லை என்றார். கையெழுத்திட்டவர்கள் அதற்கும் சேர்த்தே உறுதி அளித்தனர். அவர்கள் இன்று இல்லை. அவர்களது அமைப்புகளும் கட்சிகளும் இருக்கின்றன. அளித்த வாக்கை நினைவூட்டும் பொறுப்பு வாக்காளர்களுக்கு இருக்கிறது.